தொண்ணூறு விநாடி

விசுவமடுச் சந்தியில், மருந்துக்கடைக்கும்
உழவுமெஷின் சாமான் கடைக்கும் நடுவில்
எட்டடி அகலம் எனது கடை.
போட்டோப்பிரதி, பாஸ்போட் படம், ரீலோட்.
மாசியிலும் ஆவணியிலும் ஜெனீவா.

விலைப்பட்டியலில் அதை எழுதவில்லை.
ஆனால் சனத்துக்குத் தெரியும்,
'மாநிலம்' என்ற கட்டத்தில்
எதைத் தட்டினால் சிவப்புக்கோடு வராது என்று
அறிந்தவள் இவள்தான் என.

தவமலரக்கா வந்தது ஒரு செவ்வாய்,
கச்சான் வறுத்த மணல் முழங்கையில் ஒட்டியிருக்க.
அங்கே பேச அவவுக்கு இடம் கிடைத்திருக்கிறது.
விசா இல்லை. காணொளியாக அனுப்பலாம்.

"தொண்ணூறு விநாடி எண்டால் எவ்வளவு பிள்ளை?"
உங்கட தாச்சியில் மணல் சூடேறவும் காணாது என்றேன்.

கைபேசியில் கணக்கு வைத்தோம்.
முதல்தடவை நாலு நிமிடம் ஓடியும்
கதை வட்டுவாகலுக்கு வந்து சேரவில்லை.
கணவனை வெட்டினோம்.
ஏழு இடப்பெயர்வை ஒரு சொல்லாக்கினோம்.
மாட்டை அவவே வெட்டினா:
"அதை விடு. அவையளுக்கு மாடு விளங்காது."
'மாண்புமிகு தலைவர் அவர்களே' என்பதற்கு மட்டும்
நாலு விநாடி போனது.
அதை வெட்டக்கூடாதாம். விதி.

அடுத்தநாள் கேட்டா:
"பேரை மட்டும் சொல்லிப்போட்டு
மிச்ச நேரம் முழுக்கச் சும்மா நிண்டால்
என்ன செய்வினம்?"
கையேட்டைப் புரட்டினேன். அதற்குப் பந்தி இல்லை.

ஒருகாலம் அவர்கள் மிகக் கிட்ட இருந்தார்கள்,
நீல எழுத்துப் போட்ட தறப்பாளாக
முகத்துக்கு மேலே மூன்று முழத்தில்.
எழுத்து இருந்த இடத்தால்தான் முதலில் ஒழுகியது.
மல்லாந்து கிடந்து
உட்பக்கத்தால் வாசித்து வாசித்து
அந்த ஆங்கில எழுத்துகளை
இடம்வலம் மாறித்தான் முதலில் அறிந்தேன்.
இப்போது அதற்குக் கீழே
தவமலரக்காவின் ஆடுகள் அசைபோடுகின்றன.

சந்தியில் பஸ் ஹோர்ன். குளக்கட்டுக்குப் போனோம்,
அங்கேதான் சிக்னலும் நாலு கோடு.
தண்ணீரை முதுகுக்கு விட்டு நின்றா.
எண்பத்தைந்தாவது விநாடியில் மயில் ஒன்று கத்தியது.
திரும்ப எடுப்பமா?
"வேண்டாம். அதுவும் இஞ்சத்தையான்தானே."

பங்குனியில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பார்த்தோம்.
அரைவட்ட மேசைகள், தண்ணீர்ப் போத்தல்கள்,
பாதி நாற்காலி காலி.
ஒருவர் கோட்டைத் தோளில் போட்டு எழும்பிப் போகிறார்.
பிறகு, சுவரளவுக்கு அவவின் முகம்.
அவவின் தமிழ் கீழே தேய,
மேலே யாரோ ஒரு பெண்ணின் குரல் ஆங்கிலத்தில்
ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.
மகனின் பெயருக்கு முன்னால் நின்றது.
மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.
எழிலறிவன்.
ழகரம் சரியாக வந்தது.
யாரிடமோ கேட்டுப் பழகியிருக்கிறாள்.

"திருப்பிப் போடு," என்றா அக்கா.
ஏழுதரம் போட்டேன்.
ஏழுதரமும் அந்தப் பெண்
மூச்சை இழுத்துவிட்டுத்தான் சொன்னாள்.
மயிலை அவள் மொழிபெயர்க்கவில்லை.
தலைவர் நன்றி சொல்லி
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பதில் என்று ஒன்று வரவில்லை.
ஒரு இலக்கம் வந்தது, பதினொரு எழுத்து.
எழுதிக் கொடுத்தேன். மடித்துக் காசுப்பைக்குள் வைத்தா.

சனிக்கிழமை சந்தையடியில் அவவிடம்
நூறு ரூபாய்க்குக் கச்சான் வாங்கினேன்.
காசு வேண்டாம் என்றா, திணித்துவிட்டு வந்தேன்.
தின்று முடித்துச் சுருளைப் பிரித்தால்
என்னுடைய கடைத்தாள், என்னுடைய அச்சு,
குறுக்கே அவவின் பேனாக்கோடு:

மாடு. பெயர் சிவப்பி.
இரணைப்பாலையில் கயிற்றை அவிழ்த்துவிட்டது.
எங்களுக்குப் பின்னாலேயே
கொஞ்சத் தூரம் வந்தது.